பொறி வைக்க யார் விதி எழுதுவது?

வாசகர் கேள்வி – பதில்

வயலும் காடும் தொட்டுக்கொண்டிருக்கும் வன்னிப் பகுதியிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் பல, காட்டு விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிப்பதைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாகத் தொகுத்து இம்முறை விடை தருகிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மருமகன், அங்கே நரி, பீவர் (ஆற்றில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கு), நீர்நாய் போன்ற உரோம விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிக்க மாநில அரசே உரிமம் கொடுப்பதாகச் சொல்கிறார். நம்பக் கடினமாக இருக்கிறது. அப்படியானால் அதற்கான விதிகளை எழுதுவது யார்?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: உங்கள் மருமகன் சொன்னது சரிதான். அமெரிக்காவில் காட்டு விலங்கு, அது நிற்கும் நிலத்தின் உரிமையாளருக்குச் சொந்தமானதன்று; மக்களின் சார்பில் மாநில அரசு பொறுப்பேற்றுப் பேணும் பொதுச் சொத்தாகவே அது கருதப்படுகிறது. வலசைப் பறவைகள், அழிவை எதிர்நோக்கும் இனங்கள், மாநில எல்லை தாண்டும் வணிகம் முதலியவற்றில் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், நரியையும் பீவரையும் எப்போது, எப்படி, யார் பிடிக்கலாம் என்பதை வகுப்பது பெரும்பாலும் மாநிலத்தின் வேலை. ஆகவே ஒரு மாநிலத்தில் அனுமதிக்கப்பட்ட பொறி, பக்கத்து மாநிலத்தில் குற்றமாக இருக்கக்கூடும்.

பெரும்பாலான மாநிலங்களில் வனவிலங்குத் துறைக்கு மேலே ஓர் ஆணைக்குழு இருக்கிறது. துறையின் உயிரியலாளர்கள் முதலில் வரைவொன்றைத் தயாரிப்பார்கள். அது வெளியிடப்பட்டு, குறித்த காலத்துக்குள் எவரும் எழுத்திலோ கூட்டத்திலோ தம் கருத்தைச் சொல்ல இடம் அளிக்கப்படும். பொறி வைப்போர், பண்ணைக்காரர், விலங்குநல அமைப்பினர் என எல்லோரும் வந்து மோதிக்கொள்வார்கள். அதன் பின்னரே ஆணைக்குழு வாக்களித்து விதியை ஏற்கும், திருத்தும் அல்லது தள்ளும்.

அந்த விதிகளைப் படித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஒரு பொறியியல் கையேட்டின் பாணியில் இருப்பதைக் காணலாம். கால்பொறியின் தாடைகள் எத்தனை அங்குலம் வரை விரியலாம், நடைபாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அதை வைக்க வேண்டும், வைத்தவரின் பெயரோ அடையாள எண்ணோ பொறித்த தகடு அதில் தொங்க வேண்டுமா என்பன எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சில மாநிலங்களில், மான் போன்ற வலிய விலங்கு சிக்கி இழுத்தால் தானாகவே அறுந்துவிடும் இணைப்பு ஒன்று சுருக்குக் கம்பியில் இருந்தாக வேண்டும் என்றும், கம்பி ஓர் அளவுக்கு மேல் இறுகாதபடி தடை பொருத்த வேண்டும் என்றும் விதி உண்டு. வைத்த பொறியைப் பல மாநிலங்களில் நாளுக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் அந்த இடைவெளி கூடுதலாக இருப்பதால், அதைச் சுருக்கச் சொல்லி விலங்குநல அமைப்புகள் தொடர்ந்து வாதாடி வருகின்றன.

பருவம் குறிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர் தொடங்கும்போது இவ்விலங்குகளின் தோலில் அடர்ந்த உள்ளுரோமம் வளர்கிறது. அப்போதுதான் தோலுக்கு விலை. அதற்குள் அவ்வாண்டுக் குட்டிகளும் தாயை விட்டுப் பிரிந்து தனியே வாழும் வயதை எட்டியிருக்கும். ஆகவே பிடிக்கும் காலம் பொதுவாகக் குளிர்காலத்தை ஒட்டியே அமைகிறது. பிடித்த பின்னரும் வேலை முடிவதில்லை. பொப்காட் எனப்படும் அமெரிக்கக் காட்டுப்பூனையின் தோலும் ஆற்று நீர்நாயின் தோலும் ஏற்றுமதியாக வேண்டுமானால் அவற்றில் முத்திரைத் தகடு இருக்க வேண்டும். அருகிவரும் பிற பூனைகள், நீர்நாய்களின் தோல்களோடு இவற்றைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காகவே சர்வதேச வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் இவ்விரண்டையும் தன் இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. சில மாநிலங்களில் பிடித்தவர் அந்த விலங்கின் கீழ்த்தாடையையோ ஒரு பல்லையோ துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பல்லை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வேரின் மேற்படையில் ஆண்டுக்கு ஒன்றாகக் கோடுகள் தெரியும். அதைக் கொண்டு வயதைக் கணித்து, பிடிபட்டவற்றுள் இளையவை எத்தனை, முதியவை எத்தனை என்று அறிந்து, அடுத்த ஆண்டு அளவைக் கூட்டுவதா குறைப்பதா என முடிவு செய்கிறார்கள்.

இந்த ஒழுங்கு எடுத்த எடுப்பிலேயே வந்துவிடவில்லை. தொப்பி செய்வதற்காக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பீவரை வேட்டையாடி, பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் போன பிறகே பிடிப்பதற்குத் தடை வந்தது. வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கிய பின்னர்தான் பருவமும் உரிமமும் வந்தன. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்–றொபேட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கியதால் ஆய்வுக்கும் காவலுக்கும் நிலையான பணம் கிடைத்தது. நம் நாட்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937இல்தான் இயற்றப்பட்டது. நமக்குச் சட்டம் கிடைத்தது. அதனோடு அப்படியொரு பண ஊற்றுக் கிடைக்கவில்லை.

மக்களே நேரடியாக வாக்களித்துப் பொறிகளைத் தடைசெய்ததும் அங்கு உண்டு. 1996இல் மசாசூசெட்ஸிலும் கொலராடோவிலும் 2000இல் வாஷிங்டன் மாநிலத்திலும் அவ்வாறு நடந்தது. மசாசூசெட்ஸில் அதன் பின்னர் பீவர்கள் பெருகி, அவை கட்டிய அணைகளால் கிணறுகளிலும் வீதிகளிலும் வெள்ளம் ஏறிற்று என்ற முறைப்பாடுகள் குவிந்தன. 2000இல் சட்டத்தைத் திருத்தி, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து நேர்ந்தால் உள்ளூர்ச் சுகாதாரச் சபை அவசர அனுமதி கொடுக்கலாம் என்று வழி செய்தார்கள். கலிபோர்னியாவோ 2019இல் உரோமத்துக்காகப் பொறி வைப்பதையே முற்றாக நிறுத்தியது. ஆகவே ‘அமெரிக்க முறை’ என்று ஒரே முறை எதுவும் இல்லை. உரோமத்துக்காக உயிரைப் பிடிப்பது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் விதியை எழுதுமுன் எண்ணிப் பார்ப்பதும், எழுதிய பின் மறுபடி எண்ணிப் பார்த்துத் திருத்துவதும் நாம் கவனிக்க வேண்டியவை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் நரியும் மரநாயும் கோழிகளை விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் போல இங்கும் உரிமம் கொடுத்தால் தொல்லையும் குறையும், தோலுக்கும் பணம் கிடைக்கும் அல்லவா?
– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தோலுக்குப் பணம் கிடைக்காது. மேலே சொன்ன உள்ளுரோமம் கடுங்குளிருக்கு விலங்கின் உடல் தரும் விடை. வன்னியின் வெயிலில் வாழும் நரிக்கும் மரநாய்க்கும் அது தேவையில்லை, வளர்வதும் இல்லை. உரோமச் சந்தையில் மதிப்புடைய தோல் நம்மிடம் இருந்தது பெரும்பாலும் சிறுத்தையில்தான். சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் சேர்ந்தது; சிறுத்தையோ அதன் முதலாம் பட்டியலில் இருப்பதால், தோலுக்கான சர்வதேச வணிக வழி அடைபட்டுவிட்டது. உள்நாட்டிலும் அதைக் கொல்வதும் தோலை வைத்திருப்பதும் குற்றம்.

நம் சட்டத்தின் அடிப்படையே வேறு என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ‘எதை, எப்போது, எவ்வளவு பிடிக்கலாம்’ என்று பட்டியல் போடுகிறார்கள். இங்கே பாலூட்டிகளைப் பொறுத்தவரை பாதுகாப்பே பொது விதி, பாதுகாப்பில்லாதவையே விலக்கு. 1993ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டமும் 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமும் பழைய கட்டளைச் சட்டத்தைத் திருத்தி இந்த நிலையை இறுக்கின. நம் காடுகளில் சிறுத்தையோடு மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை என்று நான்கு பூனை இனங்கள் இருக்கின்றன. இவற்றுள் துரும்பன் பூனை வீட்டுப் பூனையிலும் சிறியது, உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்று. கோழிக் கூட்டருகே இரவில் மினுங்கும் கண்கள் எவருடையவை என்று பொறிக்குத் தெரியாது. பல வேளைகளில் நமக்கே தெரிவதில்லை.

கோழிகளைக் காக்கக் கூட்டைச் சரிசெய்வதே பலன் தரும். மரநாய் ஏறிவரும், ஆகவே கூரைக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளிகூட விடக் கூடாது. நரியும் கீரியும் தோண்டிவரும். ஆகவே வலையை நிலத்துக்குள் ஒரு முழம் இறக்கிப் புதைக்க வேண்டும். பொழுதுபடுமுன் கோழிகளை அடைத்துவிடுவதும், இறந்த குஞ்சுகளையும் மீன் கழிவுகளையும் வளவுக்குள் வீசாமல் புதைத்துவிடுவதும் அவசியம். பகலில் தள்ளாடிக்கொண்டு, மனிதரைக் கண்டு அஞ்சாமல் வரும் நரியை நெருங்க வேண்டாம். அதற்கு விசர்நோய் இருக்கக்கூடும். அது கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல என்கிறார்கள். என் கச்சான் தோட்டத்தையும் மரவள்ளியையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. என் காணிக்குள் நான் சுருக்கு வைப்பதில் என்ன குற்றம்?
– ஒரு விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: இம்முறை வந்த கேள்விகளுள் மிகவும் நியாயமான கோபம் உங்களுடையது. விதைக்கும் கூலிக்கும் பட்ட கடனோடு, கண்விழித்துக் காவல் காத்தும் பயிர் போய்விட்ட ஒருவரிடம் வனவிலங்கின் அருமையைப் பேசுவது எளிதல்ல. ஆயினும் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பன்றியைப் பற்றிய பகுதி சரி. தேசிய பூங்கா போன்ற ஒதுக்கப்பட்ட பிரதேசங்களுக்கு வெளியே, மானுக்கும் மரைக்கும் உள்ள பாதுகாப்புக் காட்டுப்பன்றிக்கு இல்லை. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன; கட்டுக்கரைக்குளமும் கொக்கிளாயும் அதற்கு நெடுங்காலம் முன்பே சரணாலயங்கள். உங்கள் காணி இவற்றின் எல்லைக்குள்ளோ அருகிலோ இருக்கிறதா என்பதை முதலில் பிரதேச செயலகத்திலோ வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்திலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிக்கல் சுருக்கில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியை எடுத்து, ஒரு முனையைக் கண்போல வளைத்து முறுக்கி, மறுமுனையை அதனூடாக இழுத்து, பாலை மரத்திலோ வீரை மரத்திலோ கட்டி, வேலியில் விலங்கு நுழைந்து நுழைந்து தேய்ந்த துவாரத்தில் வளையத்தைத் தொங்கவிடுகிறார்கள். அந்தத் துவாரத்தால் பன்றி மட்டும் வருவதில்லை. மானும் மரையும் கரடியும் அதே தடத்தில் நடக்கின்றன; அவற்றின் பின்னால் சிறுத்தையும் வருகிறது. பன்றிக்குக் கட்டிய வளையத்துக்குள் சிறுத்தையின் தலையும் முன்கால்களும் எளிதில் நுழைந்துவிடும். கம்பி இடுப்பில் போய் இறுகும். அது பாய்ந்து திமிறத் திமிற உள்ளுறுப்புகள் நசிந்து, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, வெளியில் பெரிய காயம் தெரியாமலே சில நாளில் இறந்துபோகிறது. 2020 மே மாதத்தில் மஸ்கெலியாவின் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இறந்தது இத்தகைய கம்பியில் சிக்கித்தான்.

ஆகவே ‘நான் பன்றிக்குத்தான் வைத்தேன்’ என்பது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. சட்டம் வேட்டை என்று சொல்லும்போது கொன்றுமுடித்த செயலை மட்டும் பார்ப்பதில்லை. பிடிக்கவோ கொல்லவோ செய்யும் முயற்சியும் அதற்குள் அடங்கும். சிக்கியது பாதுகாக்கப்பட்ட விலங்கானால், கம்பி யார் காணியில் இருந்தது என்பதே விசாரணையின் முதற்கேள்வியாக இருக்கும். அமெரிக்க விதிகளில் தானாக அறும் இணைப்பும், நாள்தோறும் பார்வையிடும் கடமையும், பெயர்த் தகடும் இருப்பதை மேலே குறிப்பிட்டேன். நம் பிரேக் கம்பியில் இம்மூன்றும் இல்லை. வைத்தவரே சில வேளை அதை மறந்துவிடுகிறார். அறுவடை முடிந்து காணி வெறுமையான பின்னரும் கம்பி வேலியில் கிடந்து, மேய வந்த ஊர் மாட்டின் காலை அறுக்கிறது.

கயிறு இழுபட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு, பன்றி வெடி, வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பது ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கட்டுத்துவக்கின் கயிற்றில் விறகுக்குப் போனவரின் கால் படுகிறது. தீனிக்குள் ஒளித்து வைத்த வெடியைக் கடித்து யானைக் குட்டிகள் தாடை சிதைந்து, உண்ணவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் அலைந்து இறக்கின்றன. மின்சாரத்தைப் பொறுத்தவரை, திணைக்களம் அமைக்கும் யானைவேலிக்கும் வீட்டு இணைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறிந்திருப்பதில்லை. யானைவேலியில் மின்னோட்டம் கணப்பொழுதுத் துடிப்பாக வந்து நின்றுவிடுவதால், தொட்டவர் அடுத்த துடிப்புக்கு முன் விலக முடிகிறது. வீட்டிலிருந்து இழுத்த 230 வோல்ட் இடைவிடாமல் பாய்ந்து தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதில் வேலி கட்டியவரின் குடும்பத்தவரே இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். இவை மூன்றும் எந்த விலங்குக்காகச் செய்யப்பட்டாலும் குற்றமே.

பிறகு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பன்றி முகத்தால் தள்ளி நுழையும் விலங்காதலால், வேலியின் கீழ்ப்பகுதியே முக்கியம். முட்கம்பியை இடுப்புயரத்தில் மூன்று வரிசை கட்டுவதைவிட, நிலத்தை ஒட்டி வலையை இழுத்துக் கட்டி அடியில் புதைப்பது அதைத் தடுக்கும். ஆனால் தனியொருவர் காணியைச் சுற்றி அதைச் செய்யும் செலவு கச்சானின் விலையை விழுங்கிவிடும். பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர்கள் சேர்ந்து ஒரே சுற்றாக அடைத்தால் சுற்றளவும் செலவும் குறையும். இதைக் கமக்காரர் அமைப்பின் தீர்மானமாக எழுதிக் கமநல சேவை நிலையத்திடம் கொடுப்பது, ஒவ்வொருவராகப் போய் முறையிடுவதைவிடப் பயன் தரும். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. விசாரணைகளும் காத்திருப்பும் நீளும். துவக்கில் குறி பார்ப்பவர் எதைச் சுடுகிறார் என்பதை அவரே அறிவார்; சுருக்கில் அந்த அறிவு இல்லை. ஆகவே சட்டத்தைத் திருத்துவோர் விவசாயிக்கு ஒரு வழியைத் திறப்பதானால், பொறுப்பாளரின் பெயர் பதிவான துவக்கின் வழியைத் திறந்து, கம்பியின் வழியை முற்றாக அடைப்பதே முறை என்பது என் கருத்து.

கேள்வி: 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் 8.05 வரை நாடெங்கும் குரங்குகளையும் மயில்களையும் எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணி எப்படி விதி வகுப்பது?
– உயர்தர மாணவர் ஒருவர், வவுனியா

பதில்: ஐந்து நிமிடம் என்பது நகைப்புக்கு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே வேளையில் எண்ணும்போது, ஒரு வளவில் நின்ற குரங்குக் கூட்டம் அடுத்த வளவுக்குத் தாவி இரண்டாம் முறை எண்ணப்படும் வாய்ப்புக் குறைகிறது. அந்த அளவில் அதில் பொருள் உண்டு. பயிற்சியில்லாதோர் எண்ணும்போது வரும் பிழையும், காட்டுக்குள் நிற்பவை கணக்கில் வராததும், காலை 8 மணிக்கு இராவிலங்குகள் எவையும் வெளியில் நிற்காததும் அதன் குறைகள். எத்தனை குட்டிகள் பிறக்கின்றன, எத்தனை பிழைக்கின்றன என்பதையும் அது சொல்லாது. விதி வகுக்க வேண்டுமானால் ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் எண்ண வேண்டும். அப்போதுதான் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியவரும். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், வன்னியில் இதற்கு வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: குளத்தில் போட்ட வலையை நீர்நாய் கிழித்து மீனைக் கொண்டுபோகிறது. அதைப் பிடிக்க அனுமதி பெறலாமா?
– ஒரு மீனவர், முத்தையன்கட்டு

பதில்: பெற முடியாது. நம் நாட்டு நீர்நாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சைட்டிஸின் முதலாம் பட்டியலிலும் இருக்கிறது. வலையை இரவு முழுவதும் நீரில் விடாமல் நேரத்தோடு தூக்குவதே இழப்பைக் குறைக்கும் வழி.

கேள்வி: கம்பியில் சிக்கிய சிறுத்தையைக் கண்டால் ஊரார் என்ன செய்ய வேண்டும்? 2018இல் அம்பாள்குளத்தில் நடந்தது போல மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.
– ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், குடிமனைக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரார் அடித்துக் கொன்ற காணொளி நாடெங்கும் பரவியதையும், அதன்பின் சிலர் கைதானதையும் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். காயப்பட்டவர்களின் அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கூட்டம் கூடிச் சுற்றி வளைத்தால், தப்பியோட வழியில்லாத விலங்கு கண்ணில் பட்டவர் மேல் பாய்கிறது.

சிக்கிய சிறுத்தையைக் கண்டவுடன் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். மயக்க ஊசியோடு கால்நடை வைத்தியர் வந்து சேரப் பல மணி நேரமாகலாம். அதுவரை நாய்களைக் கட்டிவைத்து, பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்தி, ஆட்களைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விலக்குங்கள். மனிதரைக் கண்டு திமிறும் ஒவ்வொரு தடவையும் கம்பி மேலும் இறுகுகிறது. கிட்டப் போய்ப் படமெடுப்பதும், தடியால் தட்டிப் பார்ப்பதும், தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். கம்பியை நீங்களே வெட்டிவிடவும் வேண்டாம்: இடுப்பில் இறுகிய துண்டோடு அது காட்டுக்குள் ஓடிவிட்டால் வைத்தியர் அதைக் கண்டுபிடிக்க மாட்டார், ஓடாமல் திரும்பினால் வெட்டியவருக்கே ஆபத்து. அதிகாரிகள் போன பின்னர், அதே வேலியோரமாக நான்கைந்து பேர் பகலில் நடந்து பாருங்கள். ஒரு சுருக்கு இருந்த இடத்தில் வேறு சிலவும் இருக்கக்கூடும். கண்டெடுப்பவற்றைக் குப்பையில் எறியாமல், கிடந்த இடத்தைக் குறித்துத் திணைக்கள அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.